மெதுவாக ஓடாத என்ஜின்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை மனம் வரவில்லை.

உங்கள் அண்ணனின் பொம்மை ரயில் மோட்டாருக்காக நீங்கள் அனுப்பிய கார்பன் துண்டுகள் போன மாதமே கிடைத்தன. அன்றே மோட்டாரைப் பிரித்து மாற்றிவிட்டார். பலனில்லை. வேகமாக விட்டால் ரயில் ஒழுங்காக ஓடுகிறது. ஸ்டேஷனுக்குள் ஊர்ந்து வரும்போதுதான் விக்கல் எடுத்ததுபோல வெட்டி வெட்டி இழுக்கிறது. தண்டவாளம் முழுவதையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சக்கரங்களில் அப்பியிருந்த கறுப்பைச் சுரண்டினார். சக்கரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் செப்புத் தகடுகளை நிமிர்த்தினார். முப்பது வருடப் பல் டாக்டர் அல்லவா, பல்சக்கரத்தையும் கடைவாய்ப் பல் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அதில் சுற்றியிருந்த ஒரு முடியை இடுக்கியால் எடுத்து, "நீளத்தப் பாத்தாலே தெரியுது, உன்னோடதுதான்" என்றார். அன்று சிரித்தோம்.

பிறகு வேறு என்ஜினை வைத்துப் பார்த்தார். அதுவும் வெட்டியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியையே புதிதாக வாங்கினார். அதிலும் அப்படியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பெட்டியின் குமிழை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை எடுத்ததும் ரயில் சீராக ஓட ஆரம்பித்தது. வளைவில் திரும்பி, ஸ்டேஷனைத் தாண்டி, ஒரு சிறு அதிர்வுகூட இல்லாமல் முழுச் சுற்று வந்தது. கோளாறு ரயிலில் இல்லை, குமிழைப் பிடிக்கும் அவர் கைதான் நடுங்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. போனில் அவர் குரல் முடிவதற்குள் ஸ்விட்சை அணைத்தேன்.

தம்பி, உங்களிடம் மறைக்க முடியாது. அன்றிலிருந்து, அவர் கிளினிக்கில் இருக்கும் நேரத்தில், எண்ணெய் தொட்ட விரலால் தண்டவாளத்தை அங்கங்கே தடவி வைத்தேன். துடைத்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அழுக்குதான், நான்தான் சரியா துடைக்கல" என்று நிம்மதியாகச் சொல்வார். அந்த நிம்மதிக்காகத்தான் செய்தேன். ஆனால் அதே கையோடு அவர் தினமும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கிளினிக் நர்ஸ் போன் செய்தாள். "மேடம், கொஞ்சம் வரீங்களா? டாக்டர் கை நழுவிடுச்சு" என்றாள். பல் ராவ வந்த ஒரு பாட்டு டீச்சருக்கு நாக்கின் ஓரம் ஆழமாகக் கிழிந்துவிட்டது. நான் போனபோது தையல் போடப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உங்கள் அண்ணன் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டீச்சருக்குப் பழையபடி பாட வருமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே தண்டவாளத்தைத் துடைத்தேன். ரயிலை மெதுவாக ஓடவிட்டு, குமிழைத் தொடாமல் பாருங்கள் என்றேன். இரண்டு சுற்று பார்த்தார். பிறகு குமிழில் கை வைத்தார். ரயில் வெட்டியது. கையை எடுத்தார். ஓடியது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"உனக்கு எத்தன நாளா தெரியும்?" என்று கேட்டார்.

மூன்று வாரம் என்றேன்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றோடு பதினோரு நாள். கிளினிக்கைப் பூட்டிச் சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டார். சாப்பாடு வைத்தால் இடது கையால் ஸ்பூன் பிடித்துக் கொஞ்சம் சாப்பிடுகிறார். நரம்பு டாக்டரிடம் இரண்டு முறை நாள் வாங்கினேன். புறப்படும் நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். அந்த டீச்சரைப் பார்க்க நான் மட்டும் போனேன். டீச்சரின் அம்மா கதவைத் திறக்கவில்லை.

உங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் ஒரு நான்கு நாள் வந்துவிட்டுப் போங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அது போதும். எனக்காக அவரிடம் எதுவும் பேச வேண்டாம். அவர் கோபம் நியாயம்தான். அது அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி