மச்சின் மேல் கல்லான தண்ணீர்

மச்சான், எவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று காலை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டிக்கு மேல்தளமாகப் புது மச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் புளித்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், உங்களை எரித்து ஒரு மாதங்கூட ஆகவில்லை என்பது மறந்து, "ஏனுங்க மச்சான்!" என்று தெருவே திரும்பும்படி கூப்பிட்டுவிட்டேன்.

யுத்தகாலத்தில் இமயமலைப் பக்கம் பட்டாளத்துக் கொட்டகை கட்ட, மல்லசமுத்திரத்துக் கொத்தர்களைத் திரட்டிப் போன மேஸ்திரி நீங்கள். உங்கள் மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் சமையலுக்கு வந்தவன் நான், உங்கள் "மாப்ளே". அங்கே மழை மேலிருந்து பெய்யாது. நாலு திசையிலிருந்தும் பெய்யும். பனிச் செதில் ஒவ்வொன்றும் வெள்ளாட்டுக்குட்டி அளவில் விழும். பட்டாளத்துக் கொட்டகைகளுக்குச் செங்குத்தான தகரக் கூரை. நாம் தங்கும் வீட்டுக்கும் அதையே போடச் சொன்ன அந்த ஊர்த் தச்சர், பனி வழுக்கி விழவேண்டும் என்று கையைச் சரித்துக் காட்டினார்.

"மச்சு இல்லாத ஊடு ஒரு ஊடாங்க? என்ற மாப்ள வடகத்தை எங்க காயப்போடுவான், உங்க தலையிலயா?" என்றீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

தட்டையாக மச்சு போட்டு, கட்டையால் தட்டி இறுக்கி முடித்து, நம் ஊர் வழக்கப்படி ஓரத்தில் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினீர்கள். சேலத்து வெயிலில் புதுச் சுண்ணாம்பு வெடிக்காமலிருக்க அதுதான் மருந்து. மறுநாள் காலை ஏணியில் ஏறிச் செம்பால் மொள்ளப் போனேன். செம்பு நசுங்கியது, தண்ணீர் நசுங்கவில்லை.

"மச்சான், தண்ணி செத்துப்போச்சுங்க!" என்று நான் அலறியதில் சங்ககிரிக் கோட்டையில் ஒரு கல் பெயர்ந்தது. நீங்கள் வந்து கடப்பாரையால் தட்டிப் பார்த்தீர்கள். அடியில் மச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீர் உறைந்தால் பருக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

"கெடக்குது உடு. வெயில் வந்தா எளகீரும்" என்றீர்கள்.

வெயில் வரவில்லை. அதன்மேல் நாள்கணக்கில் பனிதான் வந்தது. தட்டை மச்சிலிருந்து அது எங்கே போகும்? அதற்கடியில்தான் நாம் எல்லோரும் படுத்திருந்தோம். நான் குளிர்ஜுரத்தில், எழவே முடியாமல்.

விடிகிற நேரம். மச்சைத் தாங்கிய நடு உத்தரம் படாரென்றது. கொத்தர்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம், என்னை நோக்கிப் பாய்ந்தீர்கள். இமயமலையையே தோளில் வாங்கியவர்போல முறிந்த உத்தரத்துக்கு அடியில் நின்று, "மாப்ளையத் தூக்குங்கடா! என்ற மூஞ்சிய என்னடா பாக்கறீங்க!" என்று கத்தினீர்கள். இரண்டு பேர் திரும்பி வந்து என்னைக் கம்பளியோடு இழுத்தார்கள். பின்னாலேயே நீங்கள் தாவினீர்கள். மச்சு இறங்கியது.

நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்: "அந்தத் தச்சரக் கூப்புடு மாப்ளே. தகரம் எத்தன வேணும்னு கேளு."

அதன்பின் செங்குத்துக் கூரைதான். ஆணித் துளைகளுக்குத் தார் பூசினீர்கள். பனி தங்கினால் நீளக் கழியில் பலகை கட்டி, கீழே நின்றே தள்ளிவிட்டீர்கள். "கூரை நம்மூருக்கு இல்ல, நிக்கிற ஊருக்குத் தகுந்தாப்பல இருக்கோணும்" என்று என்னிடமே உபதேசம் வேறு!

அக்காள் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பாதிக்குமேல் நானே கட்டிய கதைதான். ஆனால் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது இடது தோளில் என் கை பட்டது. உத்தரம் பதிந்த பள்ளம் அங்கே அப்படியே இருந்தது. அது மட்டும் நிஜம், மச்சான். அதன் ஆழம் இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை.