இரண்டாம் மாடியும் இறால் ஓட்டு மாத்திரையும்

மாமி,

இன்று காலை வெந்தயம் எடுக்கப் போனபோது உங்கள் பாட்டில் கையில் வந்தது. பெரிய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், பச்சை மூடி. எவ்வளவு சுரண்டியும் லேபிளில் பாதி போகவில்லை. ஓடுகிற ஒரு மனிதரின் கால்கள் மட்டும் அதில் மிச்சம் இருக்கின்றன. தினமும் எடுக்கிற பாட்டில்தான். ஆனால் நேற்றுத்தான் அடையாறில் உங்கள் டாக்டரம்மா என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானம்தான், பயப்பட வேண்டாம்" என்றார். அதைக் கேட்டுவிட்டு வந்து பாட்டிலைத் திறக்கும்போது உங்கள் குரல் கேட்காமல் இருக்குமா? "வாடி ஜெசி, நம்ம செட்டுல நீயும் சேந்துட்டியா" என்றிருப்பீர்கள்.

மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத இந்தப் பழைய கட்டடத்தில் நீங்கள் இரண்டாம் மாடி, நாங்கள் கீழ் வீடு. எங்கள் வீட்டில் மீன் பொரிக்கிற அன்று உங்கள் சமையலறை ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொள்ளும். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி இல்லாமல் நான் ரசமும் பருப்பும் வைத்தால் மட்டும் மேலிருந்து ஒரு கிண்ணத்தில் பொரியல் இறங்கிவரும். "இன்னிக்கு நீயும் நம்மாத்து சமையல்தானே" என்பீர்கள். மாமா போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் மட்டும்தான். பால்கனியில் நின்றால் கபாலி கோபுரத்தின் மேல்பாதி தெரியும். வேறு என்ன வேண்டும் எனக்கு என்பீர்கள்.

பிறகு முழங்கால் பேச ஆரம்பித்தது. முதலில் தரையிலிருந்து எழும்போது, பிறகு படி இறங்கும்போது. நீங்கள் இறங்கி வருகிற சத்தம் என் சமையலறைக்குக் கேட்கும். ஒரு காலடி, ஒரு நிறுத்தம், கம்பியைப் பிடிக்கிற வளையல் சத்தம். அந்த நிறுத்தம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

அமெரிக்காவில் இருந்த உங்கள் மகளும் ஃபோனில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கோயம்புத்தூர் பக்கம் பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது, எல்லாம் தரைமட்டம், சாப்பாடு வந்துவிடும், டாக்டர் பக்கத்திலேயே. வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடம்மா என்றாள். அவள் பயம் அவளுக்கு. நீங்கள் மறுத்துப் பேசவில்லை. மார்கழியில் வருகிறேன், நீ படி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று அவள் சொன்னதற்கு மட்டும் சரி என்றீர்கள். அன்று மாலை கீழே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். போகும்போது சொன்னீர்கள்: "நல்ல இடமாத்தான் இருக்கும் ஜெசி. ஆனா அங்கே கோபுரம் தெரியாதே."

அவள் வருவதற்கு முன்னாலேயே அவள் அனுப்பிய இந்தப் பாட்டில் வந்துவிட்டது, அங்கிருந்து வந்த யாரோ தெரிந்தவர் பெட்டியில். மூட்டு வலிக்கான குளுக்கோசமைன் மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதற்குள் டாக்டரம்மாவிடமும் உங்களை ஆட்டோவில் கூட்டிப்போனேன். அவர் சொன்னது நிறைய. உடம்பு எடை கொஞ்சம் இறங்கணும், தொடைக்குப் பலம் வந்தால்தான் முழங்காலுக்குப் பாரம் குறையும், சமதரையில் நடக்கணும், வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, அதற்கு மாத்திரை. தரையில் உட்காரவே கூடாது. மகள் அனுப்பிய மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, "சிலர் சுமாரா கேக்குதுன்னு சொல்வாங்க, நிறைய பேருக்கு ஒண்ணும் தெரியாது. அதை மட்டும் நம்பி உக்காராதீங்கம்மா. அடுத்த தடவை வரும்போது சாப்பிடற எல்லா டப்பாவையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது நீங்கள் அழாத குறை. நடப்பேன், சாதத்தைக் குறைப்பேன், எல்லாம் செய்வேன், ஆனால் தரையில் உட்காராமல் பூஜை எப்படிச் செய்வது என்றீர்கள். "ஸ்வாமி கீழ மணையில இருப்பார், நான் நாற்காலி போட்டுண்டு காலைத் தொங்கப் போட்டுண்டு மேல உக்காருவேனா? என்னால முடியாது ஜெசி. வலிச்சா வலிச்சுட்டுப் போறது."

இதில் நான் என்ன சொல்ல முடியும்? என் கோயில் வேறு, உங்கள் கோயில் வேறு. ஆனால் முழந்தாளில் நிற்கிற பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு அந்த வருத்தம் புரியாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பீடத்தைப் பார்த்தேன். படி வைத்து, உயரத்தில். நாங்கள் எல்லாரும் கீழே. நேராக உங்கள் வீட்டுக்கு ஏறி வந்து சொன்னேன்: "மாமி, நீங்க கீழ உக்கார வேண்டாம். சாமியை மேல ஏத்திடுங்க."

சுவரை மேலும் கீழும் அளந்து பார்த்தீர்கள். பிறகு, "உங்காத்துக்காரரை வரச் சொல்லு. குளிச்சுட்டு வரச் சொல்லு" என்றீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து இரும்புத் தாங்கி கொண்டுவந்து, தலைமுடியில் ஈரம் சொட்டச் சொட்டச் சுவரில் பலகை அடித்தார். அவர் ஆணி அடிக்க, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்கோ, இப்பவும் எனக்குச் சமமாத்தான் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் உங்கள் பிள்ளையாரும் அம்பாளும் போய் உட்கார்ந்த உயரத்தில் விளக்குக்கு எண்ணெய் விட எனக்கே கை எட்டவில்லை. திரும்பவும் ஈரத்தலையோடு வந்து அரை அடி இறக்கினார் பாவம்.

அந்த நாற்காலியோடு எல்லாம் மாறியது. காலையில் கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்துவீர்கள். டாக்டரம்மா எண்ணச் சொன்னார். நீங்கள் எண்ணவில்லை, நமசிவாய சொன்னீர்கள். அவசரமாகச் சொன்னால் பலன் இல்லை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து விரட்டுவேன். "மெதுவா மாமி, சாமிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." ராத்திரிச் சாதம் போய்க் கேழ்வரகுக் கூழும் காய்கறியும் வந்தது. வாரத்தில் ஒரு நாள் பிரண்டைத் துவையல், நாக்கு அரிக்கிறது என்ற புகாரோடு. கோயில் குளத்தைச் சுற்றிக் காலை நடை. முதலில் ஒரு பக்கம்தான், பிறகு தேர் மாதிரி நின்று நின்று முழுச்சுற்று. படி ஏறி இறங்குவதிலும் ஒரு ஒழுங்கு வந்தது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். என் சமையலறைக்குக் கேட்ட அந்த நிறுத்தம் குறைந்துகொண்டே வந்தது. வளையல் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

கேட்பவர்களிடம் நீங்கள் சொன்னதோ ஒன்றே ஒன்றுதான். "பொண்ணு அனுப்பின மாத்திரை. அமிர்தம்."

அடுத்த தடவை டாக்டரிடம் போவதற்காக டப்பாக்களைப் பையில் அடுக்கியது நான்தான். எதை வாங்கினாலும் அட்டையில் உள்ளதைக் கடைசி எழுத்துவரை படிப்பது என் வழக்கம், உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் நான் இங்கிலீஷே கற்றுக்கொண்டேன். பச்சை மூடி பாட்டிலின் பின்பக்கம், அடியில், பொடி எழுத்தில் இருந்தது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்தது.

மூன்று தரம் படித்தேன். என் வீட்டு மீன் வாசனைக்கு ஜன்னல் சாத்துகிறவர் நீங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மகள் வர இன்னும் சில வாரம்தான் இருந்தது. சொன்னால் மாத்திரை நிற்கும், அதோடு காலும் நின்றுவிட்டால் வீடும் போய்விடும். பாட்டிலை வைத்துக்கொண்டு மாதாவின் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. யாராவது என் விரதத்தை எனக்குத் தெரியாமல் முறித்து, என் நல்லதுக்குத்தான் என்று சொன்னால் நான் ஏற்பேனா? அன்றே மேலே ஏறி வந்து, எழுத்தைக் காட்டிப் படித்துச் சொன்னேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். பலகையில் இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"இத்தனை நாளா இதைத்தான் சாப்டுண்டு இருந்தேனா?"

"தெரியாமத்தானே மாமி."

"தெரியாமத்தான்." உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்து பக்கத்தில் வந்தேன். சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "உங்காத்து வாசனைக்கு ஜன்னலைச் சாத்தினேன் பாரு. உள்ளேயே வந்து உக்காந்துண்டிருக்கு."

பிறகு எழுந்து குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினீர்கள். மாத்திரை அன்றோடு நின்றது. டாக்டரம்மா, நிறுத்துவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, வலி கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். மகளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். "ஆசையா அனுப்பினா. தெரிஞ்சா அந்தக் குழந்தை துடிச்சுப் போயிடும்."

அந்த வாரங்களில் நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். குக்கர் விசிலுக்கு நடுவிலும் உங்கள் படிச்சத்தத்தைத் தேடுவேன். மழை பெய்த இரண்டு நாள் நிறுத்தம் நீண்டது. என் உயிர் என்னிடம் இல்லை. மழை விட்டதும் அது பழையபடி சின்னதாகிவிட்டது. வலி போகவில்லை, கூடவும் இல்லை. துண்டுக்கும் நாற்காலிக்கும் குளத்தைச் சுற்றின நடைக்கும் கிடைத்திருக்க வேண்டிய பேரை எல்லாம் அந்தப் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மார்கழியில் மகள் வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை எடுத்து வைத்து, முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தரம் மூச்சு வாங்கி, மேலே போனீர்கள். அவள் உங்கள் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டியபடி ஏறினாள். மேலே போனதும் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"பாத்தியாம்மா, நான் அனுப்பின மாத்திரை."

நீங்கள் கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே என்னைப் பார்த்தீர்கள். "ஆமாம்டி. உன் மாத்திரைதான்."

வீட்டை விற்கிற பேச்சு நின்றது. அதோடு அவள் பெட்டியிலிருந்து அதே பாட்டில் இன்னும் இரண்டு வந்து இறங்கின. அவள் விமானம் ஏறின மறுநாளே பழையது, புதியது எல்லாம் என் சமையலறைக்கு வந்துவிட்டன. "நீ சாப்பிடுடி, உனக்கு இறால் ஆகுமே." டாக்டரைக் கேட்காமல் நான் எதையும் வாயில் போடமாட்டேன் மாமி. மாத்திரைகள் கெடு தாண்டும்வரை இருந்து குப்பைக்குப் போயின. இந்த ஒரு பாட்டிலை மட்டும் கழுவிக் காயவைத்து வெந்தயம் போட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் உங்கள் வளையல் சத்தத்தில்தான் எங்களுக்கு விடிந்தது. நீங்கள் போனதும் அந்த வீட்டிலிருந்துதான், தூக்கத்தில், கோபுரம் தெரிகிற பக்கம் தலை வைத்து. எல்லாம் முடிந்து, வீட்டை ஒழிக்கிறபோது உங்கள் மகள் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த மாத்திரை மட்டும் இல்லேன்னா அம்மாவை எப்பவோ இங்கேர்ந்து கிளப்பியிருப்பேன் ஆன்ட்டி. அந்த ஒண்ணாவது பண்ணினேன்" என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம்மா என்றேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி நானும் முழந்தாளில் நிற்கக்கூடாதாம். போன ஞாயிறே முடியவில்லை. எல்லாரும் முழந்தாளிட்ட நேரத்தில் நான் மட்டும் பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வந்தது. அப்போது உங்கள் பலகையும், இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்கோ என்ற உங்கள் அதிகாரமும் நினைவுக்கு வந்தன. நிமிர்ந்து பார்த்தேன். பீடம் மேலேதான் இருந்தது. நான் கீழேதான் இருந்தேன்.

இன்று மாலை நானும் முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். கையில் செபமாலை. மாலையின் ஒரு மணிக்கு ஒரு 'அருள்நிறை மரியே' செபம், அது முடிகிறவரை தொடையை இறுக்கிப் பிடிக்கிறேன், அடுத்த மணிக்குத் தளர்த்துகிறேன். நடுவில் வலி வந்து வாய் வேகமெடுத்தால், உங்களுக்கு நான் சொன்னதையே எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். மெதுவா ஜெசி, சாமிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

உங்கள் கீழ் வீட்டு,
ஜெசி