முத்திரை விட்டுப்போன இரண்டு வருஷம்

பாலினா,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஓர்லாவுக்கு அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் குட்டி ஃபியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். அம்மா கண் பரிசோதனைக்குத் தனியாகப் பஸ்ஸில் போயிருக்கிறாள். நான் கூட வரக் கூடாதாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் பால் ஆலை வேலையை விட்டேனே, அன்றைக்கே என்னோடு வேலை பார்த்த டெக்லன் படித்துப் படித்துச் சொன்னான், "மலக்கி, நலத்துறை ஆபீசுக்குப் போய் ஒழுங்கா கையெழுத்துப் போட்டுட்டு வா, காசுக்காக இல்லப்பா, உன் இன்சூரன்ஸ் கணக்குல வாராவாரம் விழுற முத்திரை விட்டுப் போகாம இருக்கத்தான், அது போச்சுன்னா பல்லுக்கும் கண்ணுக்கும் அரசாங்கம் குடுக்கிறது உனக்கும் கிடையாது, உன்னை வச்சு உன் பொண்டாட்டி நூலாவுக்கும் கிடையாது" என்று. கேட்டேனா? முப்பத்தொன்பது வருஷம் உழைத்தவன் வேலையில்லாதவர்கள் வரிசையில் நிற்பதா என்று வீம்பு, ஊரில் பாதிப் பேர் அந்த ஆபீஸ் தெருவில்தான் நடக்கிறார்கள். அம்மாவிடம் கையெழுத்துப் போட்டாயிற்று என்று பொய் சொன்னேன். அவள் கண் பார்க்கப் போகலாம் என்றபோதெல்லாம் மழை, கார் சரியில்லை, இடுப்பு வலி என்று எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டேன்.

போன மாதம் நீ அனுப்பிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியே ஓர்லா மூக்கு" என்று கொஞ்சினாள். ஃபியா கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற படம் அது, குழந்தையின் முதுகுதான் தெரிகிறது. ஆமாம் என்று தலையாட்டினேன், பாவி.

போதாததற்கு அவளே கண்ணாடிக் கடையில் நாள் குறித்துவிட்டாள். அரசாங்கச் சலுகை இல்லை என்பது அவளுக்குக் கடைக்காரப் பெண் வாயால் தெரிய வேண்டாமே என்று திங்கட்கிழமை அந்த வரிசையில் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓர்லா. உள்ளே இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், "இன்னைலேர்ந்து போடலாம் சார், விட்டுப்போன ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று. வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "வரிசையில நிக்கிறது உனக்கு அவமானம், நான் சுவரைத் தடவிக்கிட்டு மாடி ஏறினது அவமானமாத் தெரியலையா, பெரிய மனுஷா?" என்றாள். அவ்வளவுதான். இன்று காலை தன் கைக்காசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நல்ல கண்ணாடி கிடைத்து அவளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் என் வேண்டுதல். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மாதா உங்களைக் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். நீ அங்கே கையெழுத்துப் போட வேண்டியது எதையும் தள்ளிப்போடாதே, அம்மா போனில் பேசினால் அவளாகச் சொல்லும் வரை கேட்காதே. பஸ் வந்துவிட்டது.

உன் அப்பா,
மலக்கி