அடிபட்ட மண்

பதிவு 1. திங்கள், 09:10. நிலவுத் தளம், மண் சோதனைக்கூடம்.
வாயுத் துப்பாக்கி சீராக இருக்கிறது. இரண்டு எஃகுத் தண்டுகளுக்கு நடுவே ஒரு சிட்டிகை மண். துப்பாக்கியிலிருந்து பாயும் மூன்றாவது தண்டு வந்து அடிக்கும். கண்ணிமைப்பதற்குள் துகள்கள் உடைந்து மண் அமுங்கும். அமுங்கும் அளவைப் பார்த்து நான் ஒப்புதல் தந்தால்தான் வெள்ளியன்று கலம் இறங்கும். அதில் பன்னிரண்டு பேர். ஒருவன் என் தம்பி சேந்தன். காலையில் அவன் குரல் வந்தது:
“அக்கா, இன்னும் மண்ணைப் போட்டு அடிச்சிட்டுத்தான் இருக்கியா? பாவம், அது உன்னை என்ன பண்ணுச்சு! ரெண்டு புளியங்கொட்டை பாக்கெட்ல ஒளிச்சு எடுத்துட்டு வர்றேன். முளைக்குதான்னு பார்ப்போம்.”
‘பாவம்’ என்பதற்கு முன் ஒரு செருமல். சளி பிடித்திருக்கிறது போலும். விதைகளுக்குத் தடை உண்டு. இதை நான் எழுதியிருக்கக் கூடாது.

பதிவு 2. செவ்வாய், 11:40.
இறங்குதளத்திலிருந்து ரோவர் வழக்கம்போல் மண் கொண்டுவந்தது. அடித்தேன். அமுங்கவில்லை. ஒருமுறை அடிபட்ட மண் மறுமுறை அவ்வளவாக இடம் கொடுக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால், துகள்கள் ஏற்கெனவே உடைந்திருக்கின்றன. விளிம்புகள் புதியவை. சக்கரம் ஏறினால் இப்படி உடையாது. ஏதோ பெருவேகத்தில் மோதியிருக்கிறது.
கட்டுப்பாட்டு அறையின் தலைவர் சற்குணம் சாரிடம் சொன்னேன்.
“கெட்டியா இருந்தா நல்லதுதானேம்மா? தளம் சரின்னு போட்டு அனுப்பிடு. தேதி மட்டும் போன சனிக்கிழமைன்னு போட்டுக்கோ.”
ஏன் போன சனிக்கிழமை?

பதிவு 3. செவ்வாய், 15:05.
‘இப்போது எங்கே இருக்கிறாய்?’ என்று சேந்தனுக்கு அனுப்பினேன். பதில்:
“அக்கா, இன்னும் மண்ணைப் போட்டு அடிச்சிட்டுத்தான் இருக்கியா?”
அதே கேலி. ‘பாவம்’ என்பதற்கு முன் அதே செருமல். நேற்று கேட்டதும் பழைய ஒலிப்பதிவுதானா?
பின்னாலேயே சற்குணம் சார்:
“இன்னும் என்ன யோசனை? ஒரு கையெழுத்துதானே தாயி.”
இதற்கு முன் அவர் என்னைத் ‘தாயி’ என்றதே இல்லை.

பதிவு 4. புதன், 08:20.
மீதி மண்ணைச் சலித்தேன். சல்லடையில் ஒன்று தங்கியது. கருகிய பாதிப் புளியங்கொட்டை.
என் ஒப்புதலுக்குக் காத்திராமல் கலத்தை முன்பே இறக்கியிருக்கிறார்கள். அது மோதிச் சிதறிவிட்டது. ரோவரை நிறுத்த மட்டும் மறந்துவிட்டார்கள்.
நான் கையெழுத்திடவில்லை. இதைக் கண்டெடுப்பவர் முதலில் அதை அறிக. கொட்டை துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.
கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். காற்று விசிறியின் சத்தம் நின்றுவிட்டது.
ஒலிபெருக்கி மட்டும் வேலை செய்கிறது.
“அக்கா, இன்னும் மண்ணைப் போட்டு