தேநீரோடு கொடுத்த மாத்திரை

மூட்டுவலி மாத்திரை தின்றுவந்த கணவன் ராஜபாண்டிக்கு மலம் கருப்பாகப் போகிறதென்று நேற்றுத்தான் செல்லக்கிளிக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு அவன் தூங்கிப்போனான். விடிந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

“பெரியாஸ்பத்திரியில சீட்டு எடுக்கப் போறேன். ஏழு மணிக்கு என் தம்பி ஆட்டோவோட வருவான், மறுக்காம ஏறுங்க. எம்புட்டு வலிச்சாலும் அந்த மாத்திரையத் தொடாதீங்க, அதுதான் வயித்தப் புண்ணாக்கி உள்ள ரத்தம் கசியுது போல. சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துருங்க.”

இடமில்லாத அடி ஓரத்தில் பொடியெழுத்தில் சேர்த்தாள்: “சாப்பிட்டுத்தான் போடணும்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. மூணு மாசமா வெறும் டீயோட குடுத்தது நான்தான். நேத்துத் திட்டுனது பயத்துல.”

வரிசையில் நின்றவளின் தோளை எட்டு மணிக்கு ஒரு கை தொட்டது. ராஜபாண்டிதான்; முகம் வெளுத்திருந்தது.

“கேட்டு வாங்கித் தின்னது நாந்தான, கிளி.”