விபெக்கே கண்ணாடியைத் தொட்டால்

பிப்ரவரி 11, ஞாயிறு. ஓடென்ஸ

கிளப் போக்கர் போட்டியில் இன்று மதியம் மானம் போனது. என்னிடம் இரண்டு ஒன்பது. மேசையில் விரித்த சீட்டுகளில் ராணி ஒன்று கிடந்தது. ஜெயிக்கும் என்று நம்பவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது, அப்படியொரு கை. எதிரே என் மனைவி விபெக்கே. "செக்" என்று மேசையைத் தட்டினாள், அதாவது பந்தயம் கட்டவில்லை. பலமில்லை போலிருக்கிறது என்று நான் கட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக மூன்று மடங்கு ஏற்றினாள். பதுங்கிப் பாய்கிற இந்த வேலைக்குச் செக்-ரைஸ் என்று பெயர். இதை எப்படிச் சமாளிப்பது என்று புதன்தோறும் கிளப்பில் வகுப்பெடுப்பவனே நான்தான்.

வகுப்பில் சொல்வதையே செய்தேன்: எதிராளி எப்படிப்பட்டவர் என்று பார். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், இவளுக்குப் பொய் வராது. சீட்டைக் கவிழ்த்து அந்தக் கையை விட்டுக்கொடுத்துவிட்டேன். அவள் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஏழு, ஒரு மூன்று. ஒன்றுமேயில்லை!

"வாத்தியாரே, வீட்டுலயும் இப்படித்தானா?" என்றான் கிளப்பில் கூட ஆடும் பல்லே. கிளப்பே சிரித்தது.

பிப்ரவரி 12

பொய் வராது என்று எதை வைத்து நம்பினேன்? பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க ஊசியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே "வலிக்காது" என்று சொல்வதுதானே அவள் உத்தியோகம்! இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவேயில்லை.

பிப்ரவரி 14

காலைக் காப்பி நேரத்தில் கேட்டே விட்டேன்.

"என்கிட்ட வேற எப்பவாவது இப்படிப் பண்ணியிருக்கியா?"

"அது சீட்டாட்டம், ஹென்னிங்."

"நான் கேட்டது அது இல்ல."

"வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு."

இது ஒரு பதிலா?

வகுப்புக்கு இன்று ஐந்து பேர் குறைவு.

மார்ச் 31, ஈஸ்டர்

மதிய விருந்துக்கு வழக்கம்போல, கறிப்பொடி போட்டு நானே ஊறவைத்த ஹெர்ரிங் மீன். கல்யாணமான வருடத்திலிருந்து என் கைப்பக்குவம். விபெக்கே கறுப்பு ரொட்டியில் வைத்து ஒரு வாய் சாப்பிட்டாள். "பிரமாதம், ஹென்னிங்." சொல்லிக்கொண்டே ஒரு விரலால் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

என் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. ஏழையும் மூன்றையும் வைத்துக்கொண்டு ஏற்றினாளே, அன்றைக்கும் இதே விரல்!

அப்படியென்றால் இருபத்தாறு ஈஸ்டர் — வேண்டாம், கணக்குப் போடவே பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனது கூடப் பரவாயில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

ஏப்ரல் 2

வருத்தம் போய் உற்சாகம் வந்துவிட்டது. அவள் குட்டு இப்போது என் கையில். வெளியே மூச்சு விடப் போவதில்லை, இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்: கண்ணாடியைத் தொட்டால் பொய்.

ஏப்ரல் 5

இந்த நோட்டில் பக்க அடையாளத்துக்கு வைக்கும் பழைய ரயில் டிக்கெட், கடைசியாக எழுதிய இடத்தில் இல்லாமல் பிப்ரவரிப் பக்கத்தில் கிடந்தது. எனக்கு வயதாகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

இறுதிப் போட்டி. ஜெயிப்பவருக்குக் கோபன்ஹேகன் போட்டியில் ஓர் இடம். மூன்று மணிக்கு மிஞ்சியது நானும் அவளும்தான். என்னிடம் இரண்டு எட்டு, மேசையில் ஒரு ராஜா. மறுபடியும் அதே ரெண்டுங்கெட்டான் கை. "செக்" என்று தட்டினாள். கட்டினேன். தன்னிடம் இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினாள். பிறகு விரல் மெதுவாக எழுந்து கண்ணாடியைத் தொட்டது.

சிரிப்பை அடக்க என்ன பாடுபட்டேன்! "பார்த்துடலாம்" என்று என்னுடையதையும் தள்ளினேன்.

திருப்பினாள். இரண்டு ராஜா. மேசையில் இருந்ததோடு மூன்று.

"வாத்தியாரே, புதன்கிழமை வகுப்பு உண்டுல்ல?" — பல்லே.

ஏப்ரல் 8

தோற்றது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் யோசித்தால்? கண்ணாடியைத் தொட்டாள், கையில் இருந்ததோ நிஜம். அப்படியானால் அந்த விரலுக்கு அர்த்தமே கிடையாது. அப்படியானால் ஹெர்ரிங்கும் நிஜமாகவே பிரமாதம்! கோபன்ஹேகன் போனால் போகட்டும், என் மனைவி என்னிடம் பொய் சொல்வதில்லை. அவள் பயணத்துக்கு மூன்று ஜாடி ஊறப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19

காலையில் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஜாடி மூன்றும் சமையலறை மேசையிலேயே இருந்தன. மறந்துவிட்டாள் பாவம் என்று எழுத நோட்டைத் திறந்தால், டிக்கெட் ஏப்ரல் இரண்டாம் தேதியில் இருக்கிறது. என் வரிக்குக் கீழே, பென்சிலில், அவள் கையெழுத்து:

"தகவலுக்கு நன்றி. உன் முகம் வாடக்கூடாதுன்னுதான் இருபத்தாறு வருஷமா சாப்பிட்டேன், ஹென்னிங். இனிமே கறிப்பொடி பாதி போதும்."

என் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது. முகம் வாடக்கூடாது என்ற அந்த வரியில் கொஞ்சம் சந்தோஷமாகவும்.

ஒரு ஜாடியைத் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, நன்றாக மென்றேன். "பிரமாதம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

என் விரல் கண்ணாடியை மேலே தள்ளியது.