தீவுக்கு வரும் இரண்டு விருந்தாளிகள்

கூட்டேரிப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அந்தோணி பிரபுவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்தமான் மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர்களை நிற்க வைத்துவிட்டுப் படிக்காதே. உட்காரச் சொல், தண்ணீர் கொடு, உலையை ஏற்று, அப்புறம் படி.

போன வாரம் நீ போனில், மழை பிடித்ததும் டூரிஸ்டு ஆளே இல்லை, படகும் பாதி நாள் ஓடவில்லை, சாப்பாட்டுக் கடையை ஒப்படைத்துவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான், இல்லாவிட்டால் உடனே வாடா என்றிருப்பேன். அம்மா அன்றைக்கே உன் பாயை உதறி வெயிலில் போட்டாள், கேட்டால் பூச்சி வந்துவிட்டது என்கிறாள். நீ வந்தால் எங்களுக்குச் சந்தோஷம், ஆனால் பயந்துகொண்டு வராதே தம்பி. வழியில் போகிறவர்களை நம்பிப் பிழைப்பது நமக்குப் புதிதா? இங்கே மேம்பாலம் வந்ததும் திருச்சி போகிற கார்களெல்லாம் தலைக்கு மேலே பறந்தன, நம் டிபன் கடையில் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவள்தான் செங்கல் சூளை ஆட்களுக்குக் கேப்பைக் கூழும், மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி அரைத்த கடலைத் துவையலும் போட ஆரம்பித்தாள், அடுப்பு அணையவில்லை. உன் தீவிலும் படகுக்காரர், மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலை செய்கிறவர் எல்லாம் மழையிலும் சாப்பிடத்தானே செய்வார்கள்? நண்டு வறுவலைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு அவர்களுக்குச் சோறு போட்டுப் பார்.

என் பங்குக்கு நானும் சும்மா இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் உன் மீன் குழம்பைப் பற்றித்தான் பேச்சு. தோசை கேட்டவங்ககிட்ட அந்தமானை வித்துக்கினு நிக்கிறீங்களே, உங்களோட ஒரே பேஜாரு என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் விழுப்புரம் சீனுவாசனும் செண்பகமும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், மயிலம் கோயிலுக்குப் போகும்போது நம் கடையில் சாப்பிட்டவர்கள், மழைக்காலத்தில் டிக்கெட் மலிவு என்று நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். இப்போது உன் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். நன்றாகக் கவனி, ஆனால் ஊர்க்காரர்கள் என்று கூச்சப்பட்டுக் காசு வாங்காமல் இருந்துவிடாதே.

செப்டம்பரில் மாதா திருநாளுக்குத் திண்டிவனத்தில் உன் தங்கை ஜாக்குலின் குழந்தைக்கு ஞானஸ்நானம், தாய்மாமன் நீ இல்லாமல் நடக்காது. அதற்கு அவசியம் வா. கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதே, பையில் போட்டுக்கொண்டு வா.

மாதா உன் கூடவே இருப்பாள். ஈரத் துணியோடு படுக்காதே. இன்னொன்று, திரும்பி வரும்போது நம் கடையில் இறங்கி, புள்ள மெலிஞ்சிப் போயிருக்குதா இல்லியான்னு மறைக்காம சொல்லணும் என்று அம்மா செண்பகத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் அவர்களுக்குப் பரிமாறிவிட்டு, அவர்கள் பார்க்க நீயும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூர்துநாதன்